நன்றாக இருப்பவர்களின் வார்டு

புற்றுநோய் வார்டில் மனநிலை ஆராய்ச்சி செய்யப் போகும் இளம் டாக்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. உற்சாகமாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் தப்பான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, அச்சடித்த கேள்வித்தாளைக் காட்டி, "மேடம், எங்க வார்டுல முக்கால்வாசிப் பேர் நல்ல மனநிலையிலதான் இருக்காங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரிடம் அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் கடை வரிசை முடியவில்லை. நான் அப்போதுதான் டாக்டராகி, மயிலாப்பூரிலிருந்து டிராம் பிடித்து ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அதன் பின்கட்டில் பெண்களுக்கென்று ஒரு புற்றுநோய் வார்டு இருந்தது. அங்கே படுத்திருந்தவர்களுக்கு என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வராந்தாவில் புருஷனையோ அண்ணனையோ நிறுத்தி வைத்துக் காதோடு சொல்வார்கள். உள்ளே இருப்பவளுக்கு அது "புண்", அல்லது "கட்டி". இது சரியா தப்பா என்று அன்றைக்கு யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

எங்கள் தலைவர் மனநோய் மருத்துவத்தைச் சீமையில் படித்துவிட்டு வந்தவர். பெரியவர் என்றே அவரைச் சொல்கிறேன். மகா முன்கோபி, ஆனால் நோயாளி அழுதால் தானும் கண் கலங்கிவிடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கட்டியை அளக்கறா, ரத்தத்தைச் சோதிக்கறா. அதைச் சொமந்துண்டிருக்கறவளோட மனசு என்ன ஆறதுன்னு எவனாவது கேட்டிருக்கானோ? நாம கேப்போம்" என்றார். இன்றைக்கு உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு மற்ற டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

ஏற்பாடு எளிமையானது. தினமும் காலையில் ஒரே ஆள் போக வேண்டும், ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்க வேண்டும். பெண்கள் வார்டு என்பதால் அந்த ஆள் நான். "இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?" என்பது கேள்வி. ஆரம்பத்தில் கொட்டித் தீர்த்தார்கள். புருஷனைத் திட்டினார்கள், சாமியைத் திட்டினார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள். வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த வார்டில் ஒரு விதவை, "செத்தாத் தேவலை" என்பதைத் தவிர வேறு பதிலே சொல்ல மாட்டார். சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். பெரியவருக்கு அவர்மேல் மிகுந்த கவலை. மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்க நகரத்தில் அன்று இருந்த இடம் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றுதான். அங்கேயும் அவருக்குப் பொறுப்பு உண்டு. அங்கே இருந்தால் தானே தினமும் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாளை மாற்ற ஏற்பாடு செய்தார். ஒருநாள் காலை வண்டி வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அவரை அழைத்துப் போனார்கள். சில வாரத்தில் புற்று முற்றி அங்கேயே இறந்துபோனார். எண்ணம் நல்ல எண்ணம்தான், அதில் நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு வார்டில் பதில்கள் தேற ஆரம்பித்தன. அழுதவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தாலே மனசு லேசாயிடறது. இதுவே ஒரு வைத்தியம்மா!" என்றார். டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் படிப்பதற்காகக் கட்டுரை எழுதத் தொடங்கினார். நானும் நம்பினேன். வயசு அப்படி.

எல்லம்மா என்று ஒருத்தி இருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதிக்காரி. தியாகராய நகரில் வீடுகள் எழும்பிய காலத்தில் சித்தாளாகச் செங்கல் சுமந்தவள். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி, இடது கன்னத்தின் உள்ளே புற்று வந்து, வெளியேயும் உடைத்துக்கொண்டுவிட்டது. அவள் புருஷன் கை ரிக்‌ஷா இழுக்கிறவன், பல்லுப் புண் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். நான் கட்டிலருகே போய்க் கேட்டதும் எல்லம்மா சிரிப்பாள். "நல்லா கீறேன்மா" என்பாள். சிரிக்கும்போது அந்தப் புண் விரியும். பார்க்கிற எனக்கே கன்னம் வலிக்கும். வலிக்கிறவள் எதற்கு இப்படிச் சிரிக்கிறாள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் நல்ல மழை. ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். வார்டை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு, நடுவே மரத் தட்டிதான். அங்கே நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே மெஹ்ரூன் பீயின் குரல் கேட்டது. அவர் ராயப்பேட்டையில் தொப்பி தைத்து விற்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். மார்பில் புற்று. எல்லம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில். வார்டில் எல்லோருக்கும் மூத்தவர்.

"ஏ கோடிக் கட்டிலு, மூஞ்சியைத் தொடைச்சுக்க. மனசு டாக்டரம்மா வர்ற நேரமாச்சு" என்றார். பிறகு, "எல்லம்மா, நேத்து சிரிக்கிறப்போ உன் கண்ணுல தண்ணி வந்திடுச்சு. இன்னிக்கு அப்படிப் பண்ணாதே. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு உடனே தலையைத் திருப்பிக்க."

"இன்னா பண்றது பீபீம்மா, வாயைத் தொறந்தாலே உசுரு போவுது" என்றாள் எல்லம்மா.

"போவட்டும். அந்த வண்டியிலே ஏறிப் போனவ திரும்பி வந்தாளா? நெஜத்தைச் சொன்னா, அல்லாவே, அதே கதிதான் நமக்கும்."

யாரோ மூக்கைச் சிந்துவதும், ஒரு டம்ளர் வைக்கப்படுவதும் கேட்டது. அத்தனை பேரும் எனக்காகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் ஈரத்துண்டோடு நான் நின்றிருந்தேன். மறைந்து கேட்டேன் என்று தெரிந்தால் அவர்களுக்கு இன்னும் பயமாகிவிடும். அன்றைக்கு நான் வார்டுக்குள்ளேயே போகவில்லை, நேராகப் பெரியவரிடம் போனேன்.

அவர் மேஜையில் கட்டுரை பாதி எழுதிக் கிடந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ நான் இத்தனை நாளும் பாத்துண்டிருந்தது அவாளோட மனசை இல்லே. என்னைப் பாத்துப் பயப்படறதை" என்றார். பிறகு விருட்டென்று எழுந்து, "நானே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றார்.

"வேண்டாம் சார், ஒரு நாள் யோசிச்சு..."

"என்னத்தை யோசிக்கிறது? தப்பு நம்ம மேல இருக்கறச்சே?"

விடுவிடுவென்று நடந்து வார்டின் நடுவே போய் நின்றார். ஆண்பிள்ளை வந்ததும் மெஹ்ரூன் பீ போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். பெரியவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "யாரையும் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப மாட்டோம். பயப்படாதேங்கோ. மனசுல இருக்கறதைத் தாராளமாச் சொல்லலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பெரிய டாக்டர் இப்படி இறங்கி வந்து பேசுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் வெளியே போனதும் போர்வைக்குள்ளிருந்து மெஹ்ரூன் பீ மெதுவாகச் சொன்னார்: "பாத்தீங்களா, அந்தப் பேரை அவர் வாயாலேயே சொல்லிட்டார்."

மறுநாள் காலை நான் போனபோது, அறுவைச் சிகிச்சை முடிந்து கண்ணே திறக்காமல் கிடந்த ஒருத்திகூடச் சிரித்தாள். அதுவரை அவர்களுக்கு அது சந்தேகம். இப்போது டாக்டரே உறுதிப்படுத்திவிட்டார். மேலே இருப்பவர் "செய்ய மாட்டேன்" என்று தானாக வந்து சொன்னால், செய்கிற எண்ணம் இருக்கிறது என்றுதான் எளியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வாழ்க்கை அவர்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. இதை நீங்கள் கட்டாயம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்வித்தாளின் மேலே "உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

இதற்குள் எல்லம்மாவின் வலி கண்ணால் பார்க்கச் சகிக்காததாக ஆகிவிட்டது. தலையணை உறையைப் பல்லுக்கிடையே வைத்துக் கடித்துக்கொண்டு படுத்திருப்பாள். வலியை அடக்கும் மார்பியா ஊசிக்குத் தட்டுப்பாடு. வார்டு சர்ஜனிடம் போய்க் கேட்டேன். "கத்தறவங்களுக்கே பத்தலைம்மா. நல்லா இருக்கேன்னு சொல்றவளுக்கு நான் எப்படி ஊசி போடறது? நீங்களே தினம் கேட்டுட்டு வர்றீங்களே" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. வலிக்கிறது என்று அவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். அந்த வார்த்தைதான் வரவில்லை.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பிழைக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டால், யாருக்காக இந்த நடிப்பு என்று விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு. வராந்தாவில் அவள் புருஷன் என் வழியை மறித்தான். என் முகத்தைப் பார்த்தே ஊகித்திருக்க வேண்டும். "அவகிட்ட சொல்லிடாதம்மா. பல்லுப் புண்ணுன்னு சொல்லி வெச்சுக்கீறேன். தெரிஞ்சா மனசு ஒடஞ்சி இன்னிக்கே பூடுவா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். அது சரியா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியாது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எல்லம்மா, இது பல்லுப் புண் இல்லை" என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தாள். "அது தெரியாதாம்மா எனக்கு? பல்லுப் புண்ணுக்கா இத்தினி டாக்டருங்க வந்து எட்டிப் பாத்துகினு போறாங்க?" என்றாள். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி மூச்சு விட்டாள். "நான் போய்ச் சேரப் போறேன். அந்த ஆளுதான் பாவம், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாரு. நீயும் அவராண்ட சொல்லிடாதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா வலியை மறைக்கிறே? இனிமே உன்னை எங்கே அனுப்பினா என்ன, அனுப்பாட்டி என்ன?"

"இன்னாம்மா இப்டி கேக்கறே?" என்றாள். "எம்பொண்ணுக்குப் பரிசம் போட்டுக்கீது. தை மாசம் கல்யாணம். புண்ணு வந்து செத்தான்னா ஊரு அய்யோன்னு சொல்லும். கீழ்ப்பாக்கத்துல செத்தான்னா பைத்தியக்காரின்னு சொல்லும். ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு சம்மந்தி வூட்டுல நிறுத்திடுவாங்கம்மா. எனக்கு வலி இன்னா, இன்னும் எத்தினி நாளைக்கு?"

"நான் அனுப்ப விட மாட்டேன். சத்தியமா."

"நீ நல்லவதான்மா. உன்னையா கேட்டுகினு அனுப்பப் போறாங்க?"

மெட்ராஸ்காரர்களின் அந்த "நீ"யில் மரியாதைக் குறைவே கிடையாது. அவளுடைய "நீ"யில் எனக்காக ஒரு வருத்தம்கூட இருந்தது. எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை அவள் சரியாகவே கணித்திருந்தாள்.

நான் சர்ஜனிடம் போய்ப் பொய் சொன்னேன். அவள் வலி தாங்காமல் என்னிடம் கதறினாள் என்றேன். ஊசி போட்டார்கள். எல்லம்மா தூங்கினாள், கடிபட்ட தலையணை உறை பக்கத்தில் கிடந்தது. மடத்தனமாக ஒரு சந்தோஷம் எனக்கு. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது மெஹ்ரூன் பீயை: "பீபீம்மா, தூக்கத்துல ஏதாச்சும் ஒளறினேனா? அழுதேனா?"

"ஒண்ணும் சொல்லலே, நான் பாத்துட்டே இருந்தேன்" என்றார் அவர்.

"இந்த ஊசி எனக்கு வேணாம். நெனவு தப்பினா வாயி என் பேச்சைக் கேக்காது" என்று திட்டமாகச் சொல்லிவிட்டாள். நர்ஸ் ஊசியோடு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், எதுவும் நடக்கவில்லை. இரண்டு நாள் அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு மெஹ்ரூன் பீதான் ஒரு வழி செய்தார். தன் வலியோடு எழுந்து வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். "ஊசி போட்டுக்க. ஏதாவது சொல்ல வந்தா நான் வாயைப் பொத்திடறேன்" என்றார். அந்த ஏற்பாட்டுக்கு மட்டும் எல்லம்மா சம்மதித்தாள். மனோதத்துவம் படித்த இரண்டு பேர் இருந்த ஆஸ்பத்திரியில், கடைசியில் அவளுக்குக் கிடைத்த நிம்மதி இவ்வளவுதான்.

பெரியவர் டாக்டர்கள் கூட்டத்துக்குப் போனார். எழுதிய கட்டுரையைப் படிக்கவில்லை. அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுந்து நின்று சொன்னார். மனசைக் கேட்பதற்கு முன்னால், கேட்கிறவனைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், நான் அதைச் செய்யவில்லை என்றார். இதற்குமேல் ஒருவர் எவ்வளவு நேர்மையாக இருக்க முடியும்? கூட்டத்தில் ஒரு பெரிய தலை, "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னுதான் நாங்க அப்பவே சொன்னோம்" என்றாராம். அதோடு ஆராய்ச்சியை மூடிவிட்டார்கள். நான் அங்கே இருந்தவரை எந்தப் புற்றுநோயாளியிடமும் மறுபடி அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. பெரியவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவருடைய நல்ல எண்ணமும் அவருடைய நேர்மையும் இரண்டு தடவையும் அந்தப் பெண்களுக்கு எதிராகத்தான் முடிந்தன. இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் எடுத்துக் கொடுப்பது என்று நானும் பல வருஷம் யோசித்துவிட்டேன். ஒருவர் "நன்றாக இருக்கிறேன்" என்றால், வேறு விதமாகச் சொன்னால் அவருக்கு என்ன பறிபோகும் என்று முதலில் விசாரியுங்கள். அது தெரிந்தாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம், எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

கேள்வி நின்ற பிறகும் நான் காலையில் வார்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், சும்மா. அப்போதும் சிரித்தார்கள். கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, வாசலில் நுழையும்போதே எல்லம்மா கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருப்பதைப் பார்த்தேன். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஊசி எப்போதோ வேகம் இழந்திருந்தது. அவளுக்கு நினைவு இல்லை. உடம்பு வில்லாக வளைந்து, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. மெஹ்ரூன் பீ அவள் வாய்க்குள்ளேயே தன் கையை அடைத்து வைத்திருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். சர்ஜனைக் கூப்பிட ஓடினேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

பொழுது ஏறியதும் அவள் புருஷன் உறவுக்காரர்களோடு வந்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரும் வந்திருந்தார், தலைப்பாகை கட்டிய ஆள், கொஞ்சம் தள்ளி நின்றார். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா ஜாடை. புருஷன் என் முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டாக்டரம்மா, எம்பொஞ்சாதி புத்தியோடதானே போனா? மனசு நல்லாத்தானே இருந்திச்சி?" என்று கேட்டான். கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தான்.

"கடைசி வரைக்கும் நல்ல தெளிவா இருந்தாங்க. சிரிச்ச முகமாத்தான் போனாங்க" என்றேன். தலைப்பாகைக்காரர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் திரும்பி வார்டுக்குள் வந்தேன். மெஹ்ரூன் பீ மூலையில் இருந்த தொட்டியருகே நின்று கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்கையின் ஓரத்தில் பல் பதிந்து சதை கிழிந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. நான் பக்கத்தில் போவதைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே, முகம் மலரச் சிரித்தார்.

"நான் நல்லா இருக்கேன் டாக்டரம்மா" என்றார்.